லியோனார்டோவின் நோட்டும் நாலாம் வகுப்பும்

பள்ளி டைரியில் “லியோனார்டோ டா வின்சி – சார்ட் கொண்டு வரவும்” என்று ஒரு வரி வந்துவிட்டால் சென்னை கோபாலபுரத்து வீடுகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டேஷனரி கடையில் ஒரு சார்ட் பேப்பர், கலர் பிரிண்ட் எடுத்த மோனாலிசா, நீளத் தாடியோடு ஒரு தாத்தா படம், அதற்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவில் “ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்தவர்”. இரவு பத்தரைக்கு அம்மா ஒட்டிக்கொண்டிருப்பார், அப்பா பார்டர் போட்டுக்கொண்டிருப்பார், பிள்ளை தூங்கிப் போயிருக்கும். மறுநாள் அந்தச் சார்ட் வகுப்புச் சுவரில் ஏறும். பிள்ளைக்கு லியோனார்டோவும் தெரியாது, கண்டுபிடிப்பு என்றால் என்னவென்றும் தெரியாது.

3, 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லியோனார்டோவை நன்றாகவே சொல்லிக்கொடுக்க முடியும். செலவும் அதிகமில்லை. ஆனால் அவரை ஒரு மேதையாகக் காட்டுவதை விட்டுவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு அலைந்த ஒரு மனிதராகக் காட்ட வேண்டும். வணங்கிவிட்டு நகர்ந்துவிடத்தான் மேதைகள் உதவுவார்கள். நோட்டு வைத்திருந்தவரைப் பார்த்தால் பிள்ளையும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளும்.

முதலில் வாழ்க்கைக் கதை. அதற்குப் பத்து நிமிடம் போதும். இத்தாலியில் வின்சி என்ற ஊர்ப்பக்கம் 1452 ஏப்ரல் 15 அன்று பிறந்தார். ‘டா வின்சி’ என்றால் வின்சிக்காரர், அவ்வளவுதான். அப்பா பத்திரம் எழுதும் நோட்டரி. அப்பாவும் அம்மாவும் திருமணம் செய்துகொள்ளாததால் அப்பாவின் தொழில் மகனுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் படிப்பாளிகளின் மொழியான லத்தீனும் முறையாகப் படிக்க வாய்க்கவில்லை. பதின்வயதில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் வெரோக்கியோ என்ற கலைஞரின் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தார். ஓவியம், சிற்பம், உலோக வார்ப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம் அது. பிறகு மிலான் நகரத்துக்குப் போய் அதன் ஆட்சியாளரிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். கடைசியில் பிரெஞ்சு அரசரின் விருந்தாளியாக அம்புவாஸ் என்ற ஊரில் தங்கி, 1519 மே 2 அன்று காலமானார். அவர் வரைந்தவை என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் ஓவியங்கள் 20கூடத் தேறாது. நோட்டுகளிலோ இன்று எஞ்சியிருப்பவை மட்டுமே 7,000 பக்கங்களுக்கு மேல்.

இந்த 7,000 பக்கங்கள்தான் நம் பாடம். குதிரையின் கால், நீரின் சுழி, பல்சக்கரம், கிழவரின் மூக்கு, வீட்டுச் செலவுக் கணக்கு, மரங்கொத்தியின் நாக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு நினைவூட்டல் என்று எல்லாம் கலந்து கிடக்கும். அவற்றில் ஒன்றை 1994இல் பில் கேட்ஸ் 3 கோடியே 8 லட்சம் டாலருக்கு வாங்கினார். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தங்கள் ரஃப் நோட்டைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பார்கள்.

நோட்டில் பிள்ளைகளை உடனே பிடித்திழுப்பது அவருடைய கையெழுத்து. வலமிருந்து இடமாக, கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடிகிற மாதிரி எழுதினார். ரகசியக் குறியீடு என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு அந்தக் கதை பிடிக்கவும் செய்யும். ஆனால் அவர் இடது கைப் பழக்கக்காரர். மைபேனாவால் இடமிருந்து வலமாக எழுதினால் ஈர மையின் மேலேயே இடது கை இழுபடும். திருப்பி எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. இந்தச் சாதாரணக் காரணமே போதும். 108 வண்டிகளின் முகப்பில் ஆம்புலன்ஸ் என்ற ஆங்கிலச் சொல் ஏன் திருப்பி எழுதப்பட்டிருக்கிறது என்று வகுப்பில் கேளுங்கள். பிறகு ஆளுக்கொரு கண்ணாடித் துண்டு (ஓரம் தேய்த்தது) கொடுத்து, தமிழ் எழுத்துகளில் கண்ணாடியிலும் அப்படியே தெரிவது எது என்று தேடச் சொல்லுங்கள். ‘ப’ உடனே அகப்படும். ‘ட’ ஏமாற்றும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இடது கையால் எழுதுகிற பிள்ளையைப் பார்த்து “அந்தக் கையால எழுதாதே” என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அன்று ஒருநாள் வகுப்பில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

இனி, சார்ட்டில் எழுதக்கூடாதவை. லியோனார்டோ ஹெலிகாப்டரைக் கண்டுபிடிக்கவில்லை. 1480களின் கடைசியில் திருகாணி வடிவில் துணி கட்டிய ஒரு பறக்கும் கருவியை வரைந்தார். அது அப்படியே பறந்திருக்காது. அதைத் தூக்கும் அளவுக்கு மனிதத் தசைக்கு வலு கிடையாது என்பது ஒரு காரணம். மேடையில் நின்றபடி ஆட்கள் திருகைத் தள்ளிச் சுற்றினால், தரையை விட்டு எழும்பிய நொடியில் மேடை எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்துவிடும் என்பது இன்னொன்று. இன்றைய ஹெலிகாப்டரின் வாலில் ஒரு சின்ன விசிறி இருப்பது அந்த எதிர்ச்சுற்றை அடக்கத்தான். சுழல் நாற்காலியில் ஒரு பிள்ளையைக் காலைத் தூக்கிக்கொண்டு உட்காரச் சொல்லி, கைகளை வேகமாக ஒருபக்கம் வீசச் சொல்லுங்கள். நாற்காலி மறுபக்கம் திரும்பும். ‘ஏன் பறக்காது’ என்ற இந்தக் கேள்வி ‘யார் கண்டுபிடித்தார்’ என்ற கேள்வியைவிட எவ்வளவோ மேல்.

சைக்கிளும் அவருடையதில்லை. அவருடைய தாள்களில் இருந்ததாக 1974இல் வெளியான சைக்கிள் படத்தைப் பின்னாளில் வேறு யாரோ கிறுக்கியது என்றே ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள்.

பாராசூட் கதை வேறு மாதிரி. பிரமிடு வடிவக் கூடாரம் போல அவர் வரைந்த பாராசூட்டைப் பார்த்து, இது வேலைக்கு ஆகாது என்றுதான் பலரும் சொல்லிவந்தார்கள். 2000ஆம் ஆண்டு ஏட்ரியன் நிக்கலஸ் என்ற பிரிட்டிஷ் பாராசூட் வீரர் அந்தப் படத்தின்படியே மரச்சட்டமும் கான்வாஸுமாக ஒன்றைச் செய்து, தென்னாப்பிரிக்காவில் சுமார் 3,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினார். ஆடாமல் அசையாமல் இறங்கியது. மொத்தம் 80 கிலோவுக்கு மேல் எடை. தரையில் மோதும்போது தன்மேல் விழுந்துவிடக்கூடாதே என்று, கடைசிக் கட்டத்தில் அதைக் கழற்றிவிட்டு இன்றைய பாராசூட்டில் தரையிறங்கினார். வரைந்து 500 ஆண்டு கழித்து ஒரு பரீட்சை! கைக்குட்டையின் நாலு முனையிலும் நூல் கட்டி, கீழே ஒரு அழிரப்பரைத் தொங்கவிட்டு மாடிப்படியிலிருந்து போட்டால், குழந்தைகளுக்கு அதே பரீட்சை சின்ன அளவில் கிடைத்துவிடும். நடுவில் சிறு ஓட்டை போட்டதையும் போடாததையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கட்டும். எது குறைவாக ஆடுகிறது என்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

சரி, நோட்டு. 40 பக்கக் கோடு போடாத நோட்டு போதும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, ஒரு படம், ஒரு கேள்வி. அழகாக வரைய வேண்டியதில்லை, மார்க் போடக்கூடாது. மார்க் போட்டால் பிள்ளைகள் தெரிந்ததை மட்டுமே வரைவார்கள்.

எதை வரைவது? லியோனார்டோ பறவைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். அவர் அதிகம் கவனித்த பறவைகளில் ஒன்று பருந்து. 1505 வாக்கில் பறவைகள் பறப்பதைப் பற்றி ஒரு தனிச் சிறு நோட்டே எழுதினார். இன்று இத்தாலியின் டூரின் நகரத்தில் இருக்கிறது. நமக்குப் பருந்துக்குப் பஞ்சமே இல்லை. வெயில் ஏறிய பிறகு கோபாலபுரத்து மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், சிறகடிக்காமல் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். கதீட்ரல் சாலையைத் தாண்டினால் செம்மொழிப் பூங்கா. ஒருகாலத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடம், 2010இல் பூங்காவானது. அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பார்க்கலாம். பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: திரும்பும்போது பருந்து எதை அசைக்கிறது? சிறகை என்றுதான் முதலில் எல்லோரும் சொல்வார்கள். பொறுத்துப் பார்த்தால் வால் முறுக்கிக்கொள்வது கண்ணில் படும். சிறகடிக்காமலே எப்படி மேலே போகிறது என்று யாராவது கேட்டால், சூடான தரையிலிருந்து எழும் காற்றைப் பற்றிப் பேசலாம். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் கேட்பார்கள். மகோகனி மரம் இருக்கும் தெருவில் அதன் இறக்கை விதைகள் கிடைத்தால் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே எறிந்தால் சுழன்று சுழன்று இறங்கும். பறக்காத அந்தத் திருகாணிப் படத்துக்குப் பக்கத்தில் இந்த விதையை ஒட்டிவைப்பது நல்ல பக்கம்.

செய்து பார்க்கும் வேலைகளில் என் முதல் தேர்வு பாலம். ஆணி, கயிறு, பசை எதுவும் இல்லாமல், கட்டைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒரு பாலத்தை லியோனார்டோ வரைந்திருக்கிறார். படை ஆற்றைச் சட்டென்று கடந்துபோக வேண்டும் என்பது அவருடைய நோக்கம். நமக்கு ஐஸ் குச்சி போதும். புது பென்சில்கள் இருந்தால் இன்னும் நல்லது. விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு நீளக் குச்சியின் இரண்டு முனைகளும் குறுக்குக் குச்சிகளின் மேல் ஏறி உட்கார வேண்டும், நடுப்பகுதி இன்னொரு குறுக்குக் குச்சிக்கு அடியில் நுழைய வேண்டும். பாய் முடைகிறவர் கோரையை மேலும் கீழுமாக விடுவதைப் பார்த்திருந்தால் சட்டென்று பிடிபடும். இப்படிக் கோத்துக்கொண்டே போனால் பாலம் தானாக வளைந்து எழும்பும். மேலே ஒரு புத்தகத்தை வைத்தால் முனைகள் கீழே அழுந்தும், அழுந்த அழுந்தக் குறுக்குக் குச்சிகள் இன்னும் இறுகும். எடை வைத்தால் பலப்படுகிறது என்பது பிள்ளைகளுக்கு ஒரு மாயம் மாதிரித் தோன்றும்.

முதல் சில தடவை சரிந்துதான் விழும். ஒரு ஆள் பிடிக்க, ஒரு ஆள் கோக்க, இரண்டு பேராகச் செய்தால் நிற்கும். இந்த இடத்தில்தான் பெரியவர்களின் கை பரபரக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வழவழப்பான குச்சி வழுக்குகிறது, சொரசொரப்பானது நிற்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தால் உராய்வு என்ற பாடத்துக்கு நீங்கள் தனியாக வகுப்பு எடுக்க வேண்டாம். உராய்வையும் லியோனார்டோ சோதித்துப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அச்சேறாத அந்தப் பக்கங்கள் யாருக்கும் தெரியாமல் கிடக்க, சுமார் 200 ஆண்டு கழித்து அதே விதிகளுக்குப் பிரெஞ்சுக்காரரான அமோன்டோனின் பெயரை வைத்தார்கள். பாலம் பிடித்துப்போன பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் கதை: 1502 வாக்கில் துருக்கி சுல்தானுக்கு, இஸ்தான்புல்லில் ஒரே வளைவாக நீரைத் தாண்டும் பெரிய கல்பாலம் கட்டித் தருகிறேன் என்று எழுதினார். யாரும் கட்டவில்லை. 2019இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அதைச் சின்ன மாதிரியாகச் செய்து பார்த்தபோது பசையே இல்லாமல் நின்றது.

5ஆம் வகுப்புக்கு ஏற்றது தூரம் அளக்கும் வண்டி. சக்கரம் உருள உருள ஒவ்வொரு கூழாங்கல்லாகப் பெட்டிக்குள் விழும்படி ஒரு வண்டியை அவர் வரைந்தார்; கடைசியில் கல்லை எண்ணினால் தூரம் தெரியும். நம்மிடம் குழந்தைகள் சைக்கிள் இருக்கிறது. 20 அங்குலச் சக்கரம் என்றால் ஒரு சுற்று ஏறக்குறைய 160 செ.மீ. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கோடு எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணிக்கொண்டே தள்ளிப்போனால் கோபாலபுரத்தின் எந்தத் தெருவையும் அளந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியவர் ஒருவர் கூட வர. ஒரே தெருவை மூன்று குழு அளந்தால் மூன்று விடை வரும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்ற சண்டைதான் அன்றைய கணக்குப் பாடம்.

உண்மையிலேயே வேலை செய்து, இன்றும் உலகம் பயன்படுத்தும் ஒரு யோசனை அவர் பெயரோடு சேர்ந்திருக்கிறது: கால்வாயின் லாக் கதவு. மேட்டு நீரிலிருந்து தாழ்ந்த நீருக்குப் படகை இறக்க, நடுவில் தொட்டி மாதிரி ஓர் இடம் கட்டி இரு பக்கமும் கதவு வைப்பார்கள். சென்னையின் பக்கிங்காம் கால்வாயிலும் படகு ஓடிய நாளில் லாக்குகள் இருந்தன. மிலான் கால்வாய்களில் வேலை பார்த்தபோது லியோனார்டோ இரட்டைக் கதவை வரைந்தார். மூடினால் இரண்டும் சேர்ந்து நீர் வரும் பக்கம் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். நீர் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கமாகக் கதவுகள் ஒன்றோடொன்று அழுந்தும். பனாமா கால்வாயின் பழைய லாக்குகளிலும் இந்த வகைக் கதவுதான். இதற்கு எந்தப் பொருளும் வாங்க வேண்டாம். ஒரு பிள்ளை இரு கை விரல் நுனிகளையும் சேர்த்துக் கூரை மாதிரி முன்னால் நீட்டட்டும். இன்னொரு பிள்ளை அந்தக் கூர்முனையை வெளியிலிருந்து தள்ளட்டும். கைகள் இறுகும். உள்பக்கத்திலிருந்து தள்ளினால் உடனே திறந்துகொள்ளும்.

லியோனார்டோ என்ற பெயர் மட்டும் போதாது, நம் ஊர்ப்பக்கத்து ஆளும் வேண்டும் என்றால் ஜி.டி. நாயுடு இருக்கிறார். 1893இல் கோவைக்கு அருகே கலங்கலில் பிறந்தவர், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே வாங்கினார். ஊர் சுற்றவா வாங்கினார்? பிரித்துப் பார்த்துத் திரும்பப் பூட்டினார். பஸ் ஓட்டினார், சவரக் கத்தி செய்தார், மின் மோட்டார் தயாரிப்பில் முன்னோடியானார். வீட்டில் ஓடாத டேபிள் ஃபேன், பழைய பூட்டு, கெட்டுப்போன சுவர்க்கடிகாரம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்வயரை வெட்டிவிட்டு, ஒரு திருப்புளியோடு பிள்ளையிடம் கொடுங்கள். கழற்றிய வரிசையில் நோட்டில் படம் வரைய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மிக்ஸி, பழைய டிவி, மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் கூர்மையும் மின்சாரமும் விளையாட்டுக்கு ஆகாதவை. பிரிக்க ஒன்றும் அகப்படாவிட்டால் தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் போதும் என்று அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தா பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார். மருந்தைச் சுரண்டிய நாலு குச்சிகளை வால்வு டியூப் துண்டுகளால் இணைத்துச் சதுரம் செய்தால் தொட்டதும் சாயும். மூன்றை இணைத்த முக்கோணம் சாயாது. பிறகு செல்போன் கோபுரத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ‘நீயே ஒன்று கண்டுபிடி’ என்று கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ரோபோ வரைவார்கள். முதலில் தெருவில் தொல்லையைத் தேடச் சொல்லுங்கள். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் பள்ளியில் படிக்கும்போது செய்தது அதுதான். இஸ்திரி வண்டிக்காரர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்தார். கரிக்குப் பதிலாக வெயிலில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டு மேடையில் பேசும்வரை அது அவரைக் கொண்டுபோனது. இஸ்திரி வண்டியை நாம் எல்லோரும்தான் தினமும் பார்க்கிறோம்.

கோபாலபுரத்துப் பிள்ளைகளின் பட்டியலில் என்ன வரும்? மழை பெய்தால் ஷூ நனைகிறது. பாட்டிக்கு ஆட்டோவில் ஏற முடியவில்லை. தண்ணீர்க் கேன் கவிழ்க்கும்போது சிந்துகிறது. கோலமாவு காற்றில் பறக்கிறது. இதில் ஒன்றை எடுத்து மூன்று விதமாக வரையட்டும். மூன்றாவது படம் வரைகிற வரை அட்டையையும் கத்தரிக்கோலையும் கையில் கொடுக்காதீர்கள். முதல் யோசனை எல்லோருக்கும் வருவதுதான், மூன்றாவதில்தான் பிள்ளையின் முகம் தெரிய ஆரம்பிக்கும். செய்ததை உரியவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டோவில் ஏறப் பிள்ளை செய்த படிக்கட்டில் பாட்டி நிஜமாகவே கால் வைத்துப் பார்த்து “வழுக்குதுடா கண்ணா” என்று சொன்னால், நோட்டில் அதற்கும் ஒரு பக்கம்.

சில சமயம் பிள்ளை கஷ்டப்பட்டு யோசித்தது கடையிலேயே கிடைப்பதாக இருக்கும். “இது அமேசான்லயே இருக்குடா” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். தூரம் அளக்கும் வண்டியை லியோனார்டோவுக்கு 1,500 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரான விட்ருவியஸ் எழுதிவைத்திருந்தார். பாராசூட்டைக்கூட அவருக்குச் சற்று முன்பே பெயர் தெரியாத ஓர் இத்தாலியர் வரைந்திருக்கிறார். அதில் துணி சிறியது, மனிதர் பெரியவர். லியோனார்டோ துணியைப் பெரிதாக்கினார். கடையில் கிடைப்பதை வாங்கி வந்து பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அதில் எது வேலை செய்யவில்லை, நீ என்ன மாற்றுவாய் என்று கேளுங்கள்.